ஆயில் என்ஜினைக் கழற்றி மோட்டார் மாட்டும் முன்

நம் சங்க உறுப்பினர்களில் மளிகைக் கடையோடு மாவு மிஷினோ, வத்தல் மல்லி அரைக்கும் மிஷினோ சேர்த்து நடத்துபவர்கள் கணிசமான பேர். அவர்களில் இன்னும் ஆயில் என்ஜினில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சிலர் தகப்பனார் காலத்து என்ஜினை விட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். வேறு சிலர் 2008-ல் ஆரம்பித்த மின்வெட்டுக் காலத்தில், குறிப்பாக 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்தபோது, இருந்த மோட்டாரை ஓரங்கட்டிவிட்டு என்ஜின் வாங்கிப் போட்டவர்கள். அன்றைக்கு அது சரியான முடிவு. இன்றைக்கு டீசல் விலையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மோட்டாருக்கு மாறிவிடலாமா?" என்று எங்கள் கடைக்குச் சரக்கு எடுக்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். நாற்பது வருடங்களாக வத்தல், மல்லி, மஞ்சள் மொத்த வியாபாரத்தில் இருப்பதால் அரைக்கும் மிஷின்களோடு எனக்கும் பழக்கம் உண்டு. கேட்டவர்களுக்குச் சொன்னதையே இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வியாபாரிக்கு அதுதானே முதலில் வரும்.

நல்ல நிலையில் உள்ள சிறிய டீசல் என்ஜின் ஒரு லிட்டர் டீசலைக் குடித்து சுமார் 3 யூனிட் அளவு வேலை செய்து கொடுக்கும். ரிங் தேய்ந்து கரும்புகை கக்கும் என்ஜின் அதைவிடக் குறைவாகத்தான் தரும். 1 எச்.பி. என்பது 746 வாட். அப்படியானால் 5 எச்.பி. மிஷின் முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட ஏறக்குறைய 3.7 யூனிட் வேலை தேவை. டீசல் கணக்கில் அது 1¼ லிட்டர். 2024-ல் தமிழ்நாட்டில் டீசல் லிட்டர் 92 ரூபாயைத் தாண்டியிருந்தது. அந்த விலைக்கே வைத்துப் பார்த்தாலும் மணிக்கு 115 ரூபாய் ஆகிறது. அதே வேலையை மோட்டார் செய்ய, மோட்டாருக்குள் வீணாகும் பங்கையும் சேர்த்து, சுமார் 4.4 யூனிட் கரண்ட் இழுக்கும். கணக்குக்காக யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 44 ரூபாய். மணிக்கு 70 ரூபாய் மிச்சம். தினம் 4 மணி நேரம், மாதம் 25 நாள் ஓட்டுகிறவருக்கு 7,000 ரூபாய் வரை கையில் நிற்கும்.

இதோடு நிறுத்தினால் கணக்கு அரைகுறை. மின் இணைப்புக்கு, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், வாங்கிய கிலோவாட்டுக்கு ஏற்ற நிலைக்கட்டணம் உண்டு. புதிய இணைப்புக்கு டெபாசிட் உண்டு. மோட்டார், ஸ்டார்ட்டர், வயர், புல்லி, பெல்ட், எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் உண்டு. தினம் அரை மணி நேரம் மட்டும் மிஷின் ஓடும் சின்னக் கிராமத்துக் கடைக்கு, மாதம் ஆயிரம் ரூபாய்கூட மிச்சமாகாது. அதில் நிலைக்கட்டணம் ஒரு பங்கைத் தின்றுவிடும். அப்படிப்பட்டவர்கள் அவசரப்பட வேண்டாம், இருக்கிற என்ஜினுக்கு ரிங் மாற்றி ஓட்டட்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கணக்கில் வராத ஒரு லாபமும் மோட்டாரில் உண்டு. இரண்டு படி அரிசியோடு ஒருவர் வருவார், பத்து நிமிஷம் கழித்து இன்னொருவர் வருவார். என்ஜினை ஒவ்வொரு தடவையும் நிறுத்தி ஹாண்டில் போட்டுக் கிளப்ப யாருக்கும் மனசு வராது. அது சும்மா ஓடிக்கொண்டே டீசல் குடிக்கும். மோட்டாரில் பட்டனை அமுக்கினால் தீர்ந்தது.

இனி மாற்றும் விஷயம். "என்ஜின் 6 எச்.பி., அதே 6 எச்.பி.க்கு மோட்டார் வாங்கி அதே இடத்தில் வைத்து அதே புல்லியை மாட்டினால் முடிந்தது" என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இதில் எச்.பி.யைவிடப் பெரிய விஷயம் வேகம். அதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நம் ஊர்களில் அதிகம் காணப்படும் லிஸ்டர் டைப் என்ஜின், இரண்டு பக்கமும் பெரிய சக்கரம் வைத்தது, நிமிஷத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். பீட்டர் டைப் என்கிற சின்ன என்ஜின் 1500 சுற்று சுற்றும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மோட்டாரோ முழு லோடில் நிமிஷத்துக்கு 1440 சுற்று. 2880 சுற்று மோட்டாரும் உண்டு, அது பம்புகளுக்கு. மாவு மிஷினுக்கு அதை யார் தள்ளிவிட்டாலும் வாங்காதீர்கள். 1500 சுற்று என்ஜினில் ஓடிய மிஷினுக்கு 1440 மோட்டாரைப் பழைய புல்லி அளவிலேயே மாட்டலாம், சிறிது வேகம் குறையும், அவ்வளவுதான். தகராறு 650-ல் இருந்து 1440-க்குப் போகும்போது.

கணக்கு சுலபம். என்ஜின் வேகத்தை என்ஜின் புல்லியின் விட்டத்தால் பெருக்குங்கள். வந்ததை மோட்டார் வேகத்தால் வகுத்தால், மோட்டாரில் மாட்ட வேண்டிய புல்லியின் விட்டம் வந்துவிடும். மிஷின் பக்கத்துப் புல்லியைத் தொட வேண்டியதில்லை. உதாரணமாக, என்ஜின் 650 சுற்று, அதில் 14 அங்குலப் புல்லி, மிஷினிலும் 14 அங்குலம். 650-ஐ 14-ஆல் பெருக்கினால் 9,100. அதை 1440-ஆல் வகுத்தால் 6.3. ஆக மோட்டாருக்கு 6¼ அங்குலப் புல்லி. மிஷின் முன்பு ஓடிய அதே 650-ல் ஓடும்.

இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் பழைய 14 அங்குலப் புல்லியையே மோட்டார் தண்டில் ஏற்றினால் என்ன ஆகும்? மிஷின் கல் 1440 சுற்றில் சுற்றும். சுற்றும் பொருள் தன்னைத்தானே வெளியே தள்ளிப் பிய்க்கும் விசை, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். இங்கே வேகம் இரண்டே கால் மடங்கு ஆகிறது. விசை ஐந்து மடங்கை நெருங்குகிறது. அரைக்கும் கல் அதைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. கல் வெடித்துச் சிதறினால் கவர் தகடு அதைப் பிடித்து நிறுத்தும் என்று நம்ப முடியாது. மிஷினுக்குப் பக்கத்தில் தூக்குச்சட்டியோடு நிற்பது பெரும்பாலும் பெண்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும். கல் சிதறாமல் தப்பினாலும் மாவு கருகும், வத்தல் தூளில் நிறமும் மணமும் போய்விடும், மோட்டார் தாங்காத லோடில் சூடேறும். ஆகவே புல்லி கடைந்து வரும்வரை, "சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னாலும் விடாதீர்கள்.

மிஷின் செய்தவர் குறித்த வேகம் தகட்டில் இருந்தால் அதையே பிரமாணமாகக் கொள்ளுங்கள். தகடு போய்விட்டது என்றால், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மிஷின் தண்டின் வேகத்தை அளந்து வைத்துக்கொள்வது உத்தமம். வேகம் அளக்கும் டாக்கோமீட்டர் மோட்டார் பட்டறைகளில் இருக்கும். என்ஜினைக் கழற்றிய பிறகு இந்த ஞாபகம் வந்து பிரயோஜனமில்லை.

பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. என்ஜினுக்கும் மிஷினுக்கும் நடுவே பத்தடி தூரம் விட்டுத் தட்டைப் பெல்ட் போட்டிருப்போம். மோட்டாரின் சின்னப் புல்லியில் தட்டைப் பெல்ட் வழுக்கும். 5 எச்.பி.க்கு 'பி' அளவு வி-பெல்ட் இரண்டு போதும். மோட்டாரை மிஷினுக்கு மூன்றடியில் கொண்டுவந்துவிடலாம். 'பி' பெல்ட்டுக்குப் புல்லி 5 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, குறைந்தால் பெல்ட் சீக்கிரம் வெடித்துப்போகும். மோட்டாரை நேராகத் தரையில் போல்ட் போடாமல், முன்னும் பின்னும் நகர்த்தும்படி ரெயில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். பெல்ட் தளர்ந்தால் இழுத்துக்கொள்ள அதுதான் வழி. இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்பதை நூல் பிடித்துப் பார்த்தால் போதும். பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு; அது பேரிங்கைத் தின்னும். கம்பி வலையில் பெல்ட்டுக்கு ஒரு மூடி அவசியம் வேண்டும். சேலை முந்தானைக்கும் வேட்டி நுனிக்கும் பெல்ட்டைவிடப் பெரிய எமன் கிடையாது.

எத்தனை எச்.பி. வாங்குவது? என்ஜினில் எழுதியிருப்பது அது மூச்சைப் பிடித்துத் தரும் அளவு. மிஷினுக்கு அவ்வளவும் தேவைப்பட்டிருக்கும் என்பதில்லை. வேண்டியதற்கு மேல் கொஞ்சம் பெரிய என்ஜினைத்தான் எல்லோரும் மாட்டியிருப்பார்கள். 6 எச்.பி. என்ஜினில் ஓடிய மிஷின் 5 எச்.பி. மோட்டாரில் பெரும்பாலும் திருப்தியாக ஓடும். காரணம், விரலி மஞ்சள் மாதிரி கடினமான சரக்கு விழுந்து திணறும்போது என்ஜின் வேகம் இறங்கி நின்றுபோகும். மோட்டார் சில விநாடிகளுக்குத் தன் அளவைப்போல் இரண்டு மடங்கு இழுத்துக் கொடுத்துவிடும். ஆனால் அந்தத் தாராளம் சில விநாடிக்குத்தான். மணிக்கணக்கில் அப்படி இழுக்கவிட்டால் காயில் கருகும். மாட்டிய பிறகு எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் வைத்து, நல்ல லோடு ஓடும்போது ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பேஸ் 5 எச்.பி. மோட்டார் முழு லோடில் சுமார் 7½ ஆம்பியர் எடுக்கும். தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியரைத் தாண்டி நிலையாக நின்றால், மிஷின் வாயில் சரக்கு விழும் அளவைக் குறையுங்கள், அல்லது அடுத்த அளவு மோட்டாருக்குப் போங்கள்.

சிங்கிள் பேஸா, மூன்று பேஸா என்பது அடுத்த கேள்வி. 2 எச்.பி. வரை சிங்கிள் பேஸ் சௌகரியம். 3 எச்.பி.யே அதற்கு எல்லை என்பேன். அதுவே 230 வோல்ட்டில் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். இங்கேதான் வயரில் மிச்சம் பிடிக்கிற ஆசாமிகள் மாட்டிக்கொள்கிறார்கள். மீட்டரில் இருந்து மிஷினுக்கு 30 மீட்டர் தூரம் என்று வையுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், மோட்டார் கிளம்பும் விநாடியில் வயரிலேயே 60 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். மோட்டாருக்குப் போய்ச் சேருவது 170-தான். வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டாரின் இழுவை அதைவிட வேகமாகக் குறையும். 230-க்குப் பதில் 180 இருந்தால் இழுவை பத்தில் ஆறு பங்குதான். மோட்டார் 'ஊம்' என்று முனகிக்கொண்டு நிற்கும், வயர் சூடாகும், பக்கத்தில் அடுக்கியிருக்கும் சணல் சாக்குதான் முதலில் பிடிக்கும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் அதே இடத்தில் 25 வோல்ட் மட்டுமே விழும். வயரில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காக ஒரு கோடவுனை அடகு வைப்பதா?

5 எச்.பி.க்கு மூன்று பேஸ்தான். உங்கள் ஊரில் மூன்று பேஸ் எந்த எந்த நேரம் ஒழுங்காக வருகிறது என்பதைப் பக்கத்து மிஷின்காரரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்று பேஸில் ஒரு பியூஸ் போய் இரண்டு பேஸில் ஓடினால் மோட்டார் சில நிமிஷங்களில் கருகிவிடும். இதைத் தடுக்க சிங்கிள் பேஸிங் பிரிவென்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. ரீவைண்டிங் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை சொற்பம்.

ஸ்டார்ட்டரைச் சிக்கனம் செய்து, வெறும் மெயின் ஸ்விட்சில் மோட்டாரை ஓட்டுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டார்ட்டருக்குள் இரண்டு காவல்காரர்கள் இருக்கிறார்கள். ஓவர்லோடு ரிலே அளவுக்கு மேல் இழுத்தால் துண்டிக்கும். அதை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வைக்க வேண்டும். அடிக்கடி விழுகிறதே என்று அதைத் திருகி ஏற்றிவிடக் கூடாது. நோ-வோல்ட் காயில் இன்னும் முக்கியம். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மோட்டார் தானாகக் கிளம்பாமல் பார்த்துக்கொள்வது அதுதான். என்ஜின் ஒருநாளும் தானாகக் கிளம்பியதில்லை. அந்தப் பழக்கத்தில் இருக்கும் ஆள், கரண்ட் போனதும் அடைத்துக்கொண்ட மாவை எடுக்க உள்ளே கைவிடுவான். அந்த நேரம் கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நோ-வோல்ட் காயில் இருந்தாலும்கூட, மெயினை இறக்காமல் உள்ளே கைவிடக்கூடாது என்று மிஷின் ஆளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். 5 எச்.பி. வரை நேரடி ஸ்டார்ட்டர் போதும், 7½ எச்.பி. என்றால் ஸ்டார்-டெல்டா போடச் சொல்வார்கள். பழைய லூஸ் புல்லி ஏற்பாடு மிஷினில் இருந்து, மோட்டாரையும் தட்டைப் பெல்ட்டிலேயே ஓட்ட இடவசதி இருந்தால், அதைக் கழற்றி எறிய வேண்டாம். சும்மா சுற்றும் புல்லியில் மோட்டாரைக் கிளப்பிவிட்டு, வேகம் வந்தபின் பெல்ட்டைத் தள்ளினால் மோட்டாருக்கும் நல்லது, லைனுக்கும் நல்லது. வி-பெல்ட் போட்டவர்கள் மிஷினைக் காலியாகக் கிளப்பிய பிறகே சரக்குக் கொட்ட வேண்டும்.

மூன்று பேஸ் மோட்டார் உடம்புக்கு எர்த் இரண்டு தனித்தனி வழியாகப் போக வேண்டும் என்பது விதி. சுவரில் அடித்த ஆணியோ, தண்ணீர்க் குழாயோ எர்த் ஆகாது. ஈர அரிசி இடிக்கிற இடம், தரை எப்போதும் நனைந்திருக்கும், மிஷின் ஆள் வெறுங்காலோடு நிற்பான். கசிவைக் கண்டு துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள். மோட்டார் முழுதும் மூடிய வகையாக இருக்கட்டும். மாவு நுழைகிற திறந்த மோட்டார் வேண்டாம். மோட்டாரின் பின்பக்க விசிறி மூடியில் அப்பிய மாவை வாரம் ஒருமுறை தட்டிவிட வேண்டும். காற்றில் பறக்கும் மாவுத் தூசி தீப்பொறி பட்டால் பற்றும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெல்ட் மாட்டும் முன் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிடுங்கள். கல்லில் கொத்து ஒரு திசைக்குத்தான் வெட்டியிருக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் மாவு சரியாக வெளியேறாது. மூன்று பேஸில் ஏதேனும் இரண்டு வயரை மாற்றிப் பூட்டினால் திசை மாறிவிடும். லைன் ரிப்பேர் பார்த்துவிட்டுப் போனபின் சில சமயம் திசை தலைகீழாகிவிடும், அன்றைக்கும் ஒருதடவை பாருங்கள்.

இணைப்பைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. ஏனென்றால் மோட்டார் கருகினால் போவது சில ஆயிரம். இதில் தவறினால் போவது அதற்கு மேல். வீட்டு இணைப்புக்கு இலவச யூனிட் இருக்கிறது, தோட்டத்து இணைப்புக்கு மீட்டர் கணக்கே இல்லை, அதிலிருந்து ஒரு வயர் இழுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்ல எல்லா ஊரிலும் ஒரு ஆள் இருப்பார். 2003-ம் வருடத்து மின்சாரச் சட்டத்தில் 126-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒரு உபயோகத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு உபயோகத்துக்கு ஓட்டினால், உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள். எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடலாம். நீங்கள் "போன வாரம்தான் ஆரம்பித்தேன்" என்று சொல்வதற்கு அத்தாட்சி இருக்காது. மளிகைக் கடை இணைப்பிலேயே மிஷினை ஓட்டலாமா, தனி இணைப்பு வேண்டுமா, உங்கள் மிஷின் எந்தக் கட்டண வகையில் வரும், லோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதையெல்லாம் ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் மோட்டார் வாங்கும் முன்பே கேட்டு, மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையில் வேலையைக் கொடுங்கள்.

பழைய மோட்டார், ரீவைண்டிங் செய்தது, மலிவாகக் கிடைக்கிறது என்று வருவார்கள். நல்லபடி சுற்றியதா என்பது வெளியே தெரியாது. சரியாகச் சுற்றாதது தினமும் யூனிட்டைக் கூடுதலாகத் தின்னும். முத்திரையும் பில்லும் உள்ள புது மோட்டாரே என் சிபாரிசு. சிங்கிள் பேஸ் மோட்டாரில் செம்புக் காயிலா, அலுமினியமா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

என்ஜினும் தண்ணீர் டிரம்மும் போனால் கடைக்குள் பத்து மூட்டை அடுக்க இடம் கிடைக்கும், அரிசி மாவில் டீசல் வாடை அடிக்காது. ஆனால் அந்த இடத்தில் மோட்டாரை ஒட்டி மூட்டை அடுக்காமல் இரண்டடியாவது காற்று விடுங்கள். என்ஜினை உடனே எடைக்குப் போடுவதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். மாசி, பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வீடு வருஷத்துக்குத் தேவையான வத்தல் மல்லி அரைக்க வருவார்கள். அந்த நேரம் டிரான்ஸ்பார்மர் பழுதாகி இரண்டு நாள் கரண்ட் இல்லை என்றால் சீசனே கைவிட்டுப் போகும். ஒரு வருஷமாவது என்ஜினைப் பழைய புல்லியோடு ஓரமாக வைத்திருங்கள். மிஷினில் பழைய தட்டைப் புல்லி இருக்கும்போதே அதன் பக்கத்தில் வி-பெல்ட் புல்லியை ஏற்ற முடியுமா என்று லேத் பட்டறையில் கேளுங்கள். தண்டில் நீளம் இருந்தால் முடியும். அப்போது அவசரத்துக்கு வி-பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினின் தட்டைப் பெல்ட்டை மாட்டி ஓட்டிவிடலாம். மாதம் ஒரு தடவை ஐந்து நிமிஷம் என்ஜினை ஓட்டி வைத்தால் நாசில் அடைக்காது.